மருந்து ஒன்று, வாசல் மூன்று

இரண்டு மாதப் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரே காலையில் அதன் உடம்புக்குள் மூன்று வழியாக மருந்து போகும். வாயில் போலியோச் சொட்டு. தொடைத் தசையில் ஐந்து நோய்களுக்கான ஊசி. அப்புறம் கையில், தோலைத் தாண்டிப் போகாமல் தோலுக்குள்ளேயே நிற்கிற ஒரு குட்டி ஊசி. இந்தக் குட்டி ஊசியும் போலியோவுக்குத்தான். 2016இல் இலங்கையில் தொடங்கினார்கள்.

அது வந்த புதிதில் என் தங்கச்சி மகனுக்கு ஊசி போட, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளினிக்குக்குப் போயிருந்தோம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தை ஒட்டிய கட்டடம். வாங்கில் வரிசையாகத் தாய்மார். கொழுந்துக்குப் போக வேண்டியவர்கள், இன்றைக்கு அரைப் பேராவது, அரைநாள் சம்பளமாவது, விழுமா என்ற கணக்கு எல்லார் முகத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் கேட்டேவிட்டாள்: "ஏன் மிஸ், வாயில ஊத்தியாச்சு. அப்புறம் எதுக்கு அதே போலியோவுக்குக் கையிலயும் குத்துறீங்க?"

"ரெண்டும் வேணும் தங்கச்சி. ஒண்ணு குடலுக்கு, ஒண்ணு ரத்தத்துக்கு" என்றார் மிட்வைஃப் அக்கா, ஊசி முனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மணி நேர விரிவுரையை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறவன். தடுப்பூசி என்றால் கிருமியை உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைப்பது என்று வகுப்பில் சொல்வோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் உடம்பில் யாருக்கு அடையாளம் காட்டுவது, எந்த இடத்தில் வைத்துக் காட்டுவது, காட்டும்போது என்ன சொல்லிக் காட்டுவது என்ற கேள்விகள்தான் இன்றைக்குத் தடுப்பூசி ஆராய்ச்சியில் சூடாக ஓடுகின்றன. குறிப்பிட்ட ஒரு வகைக் கலத்தைக் குறிவைத்து மருந்தை அனுப்பி, எதிர்ப்பு இந்த வடிவத்தில்தான் வர வேண்டும் என்று முன்பே தீர்மானிக்கப் பார்க்கிறார்கள். கேட்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். தோட்டத்துக் கிளினிக்கில் இதன் பழைய பதிப்பு பல காலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்வி. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசு. நிஜப் போலியோ வைரசு வருகிற அதே வழியில் அது வாய்வழியே குடலுக்குப் போய் அங்கே பெருகுகிறது. குடற்சுவரில் திட்டுத் திட்டாக நிணநீர் இழையம் இருக்கிறது. அங்கே பயிற்சி பெறும் கலங்கள் குடலின் உட்சுவரிலேயே ஐ.ஜி.ஏ. என்ற பிறபொருளெதிரியை, அதாவது கிருமியில் போய் ஒட்டும் ஒரு புரதத்தை, சுரக்க வைக்கும். அடுத்த தடவை நிஜ வைரசு வந்தால் அதற்குக் குடலில் குடியேறவே இடம் கிடைப்பது கஷ்டம். மலத்தோடு வெளியேறி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தொற்றுவதும் குறையும். ஊசியில் இருப்பதோ கொல்லப்பட்ட வைரசு. அது குருதியில் நல்ல எதிர்ப்பைத் தரும், வைரசு நரம்புக்குப் போவதை மறிக்கும், பிள்ளைக்குக் கால் விளங்காமல் போகாது. குடலில் வைரசு தங்குவதை மட்டும் அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அக்கா சொன்னது அட்சர சுத்தம்.

2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைப் போலியோ வைரசை எடுத்துவிட்டார்கள். அந்த வகைக்கு எதிரான காப்பு ஊசியால்தான் வர வேண்டும் என்றாயிற்று. அதே நேரம் பார்த்து ஊசி மருந்துக்கு உலகத் தட்டுப்பாடு. இந்தியாவும் இலங்கையும் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தன. தசையில் 0.5 மில்லிலீற்றர் போடுவதற்குப் பதிலாகத் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர், இலங்கையில் இரண்டு மாதத்தில் ஒன்று, நான்கு மாதத்தில் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு. இப்படி இரண்டு தடவை போட்டால் தசையில் ஒரு முழு அளவு போடுவதைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று வங்காளதேசத்திலும் கியூபாவிலும் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள்.

மருந்தைக் குறைத்தும் பலன் கூடுகிறது என்றால் தோலில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் அல்லவா?

இருக்கிறது. 1868இல் பெர்லினில் பவுல் லங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவன், மனிதத் தோலைத் தங்கக் குளோரைட்டில் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மேல்தோலில் கை நீட்டிய மாதிரிக் கிளைவிட்ட கலங்களைக் கண்டான். நரம்போடு சேர்ந்தவை என்று நினைத்தான். நூறு வருடத்துக்கு மேல் அவற்றின் உண்மையான தொழில் யாருக்கும் தெரியவில்லை. 1973இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டெயின்மனும் சன்வில் கோனும் எலியின் மண்ணீரலில் இதே சாயலுள்ள கலங்களைக் கண்டுபிடித்து டென்ட்ரிட்டிக் கலங்கள் என்று பெயர் வைத்தார்கள். மண்ணீரல் கலங்களில் நூற்றுக்கு ஒன்று தேறினால் பெரிது. அவ்வளவு சொற்பமான ஒன்று அப்படி என்ன முக்கியமாக இருந்துவிடப் போகிறது என்று மற்ற ஆராய்ச்சியாளர் பல வருடம் இதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. ஸ்டெயின்மன் விடவில்லை.

இந்தக் கலம் செய்யும் வேலையை மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டை விட்டால் வேறு உதாரணம் கிடையாது. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். உடம்பில் பலமிருக்கிறது, கையில் கத்தி இருக்கிறது. ஆனால் யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து, யாருக்குக் கான் வெட்டு, எந்த நம்பர் மலை என்று கணக்கப்பிள்ளை சொல்லாமல் ஒருத்தரும் நகரமாட்டார். நிணநீர்க் கணுக்களில் டீ (T) கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் அப்படித்தான் காத்திருக்கின்றன. தோலிலோ குடலிலோ நுரையீரலிலோ சுற்றிக்கொண்டிருக்கும் டென்ட்ரிட்டிக் கலம் கிருமியின் துண்டொன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்கு நடந்து வந்து, இதற்குப் பொருத்தமான ஆள் யார் என்று தேடி வேலை கொடுக்கிறது. உதாரணம் ஓரிடத்தில் உதைக்கும். கணக்கப்பிள்ளை கந்தோரில் கேட்டதைச் சொல்கிறவர். டென்ட்ரிட்டிக் கலம் மலைக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது.

அது தரும் உத்தரவில் இடமும் அடங்கியிருப்பதுதான் எனக்கு இதில் ஆகப் பிடித்த பகுதி. குடலில் இருக்கும் டென்ட்ரிட்டிக் கலங்கள் விற்றமின் ஏயை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் பட்ட டீ கலத்தின் மேற்பரப்பில் குடலை அடையாளம் காணும் புரதங்கள் முளைக்கும், பிறகு அது உடம்பைச் சுற்றிவிட்டுக் குடலுக்கே போய்ச் சேரும். தோலில் இருப்பவை விற்றமின் டியை வைத்து இதே மாதிரி ஒரு வேலை செய்கின்றன, அங்கே பழகியது தோலுக்குத் திரும்பும். இரண்டையும் 2004க்கும் 2007க்கும் இடையில்தான் கண்டுபிடித்தார்கள். நுவரெலியா கரட்டைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்கு நல்லது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அநியாயம்.

இப்போது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி. நம்மில் பெரும்பாலோர் இடது கையில் அதன் தழும்பு இருக்கும். இலங்கையில் பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். போடுவதைக் கிட்ட நின்று பார்த்தால் கைவேலை என்பது என்னவென்று தெரியும். மருந்து 0.05 மில்லிலீற்றர், ஒரு துளிதான். பிள்ளையின் கைத்தோலை இழுத்துப் பிடித்து, ஊசியின் வெட்டுவாய் மேலே பார்த்திருக்க, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் நுழைக்க வேண்டும். ஆழம் சரியாக இருந்தால் தோல் வெள்ளையாக எழும்பி, தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் இறங்கிவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விடும், அந்த வெள்ளைக் கொப்புளம் எழும்பாது. சில வாரம் கழித்து அந்த இடம் சிவந்து, உடைந்து, ஆறும். மஞ்சள் அப்பலாமா, வேப்பெண்ணெய் போடலாமா என்று பாட்டிமார் துடிப்பார்கள். ஒன்றும் போடாதீர்கள், தானே ஆறட்டும் என்று மிட்வைஃப் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவார். ஆறு மாதத்துக்குப் பிறகும் தழும்பு விழவில்லையென்றால் இன்னொரு தடவை போடுவார்கள்.

இந்த பி.சி.ஜி. 1921இல் பாரிசில் முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டபோது ஊசியாகக் கொடுக்கப்படவில்லை, வாய்வழியாகக் கொடுத்தார்கள். பிறகுதான் தோலுக்கு மாறினார்கள். நூறு வருடம் கழித்து, 2020இல், அமெரிக்காவில் ரொபர்ட் சீடரும் கூட்டாளிகளும் அதே பி.சி.ஜி.யைக் குரங்குகளின் நாளத்துக்குள் நேராகச் செலுத்திப் பார்த்தார்கள். பிறகு காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது, நாளத்தில் பெற்ற 10 குரங்குகளில் 9 தப்பின. அவற்றில் 6இன் உடம்பில் தொற்றே தேடிப் பிடிக்க முடியவில்லை. தோலில் போட்ட குரங்குகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. நாளத்தில் போனபோது நுரையீரல் முழுக்க டீ கலங்கள் போய் நிறைந்திருந்தன. பற்றீரியா அதேதான். வாசலை மாற்றியதும் விளைவு தலைகீழாகிவிட்டது. பச்சைப் பிள்ளைக்கு நாளத்தில் உயிருள்ள பற்றீரியாவை ஏற்ற யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது. ஆனால் இனி வரப்போகும் காசநோய் ஊசி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அந்தக் குரங்குகள் காட்டிவிட்டன.

என் அப்பாயி கையில் பெரியம்மை ஊசியின் தழும்பு இருந்தது, ஐந்து சதக் குற்றி அகலத்துக்கு. அந்த மருந்தைத் தோலைக் கீறித்தான் வைத்தார்கள். 2010இல் ஹார்வர்டின் தோமஸ் கப்பர் குழு எலிகளில் பார்த்தபோது, அதே பெரியம்மைத் தடுப்பு வைரசைத் தோலில் கீறி வைத்தால்தான் வலுவான டீ கலக் காப்பு வருகிறது, தசையில் போட்டால் அவ்வளவுக்கு வரவில்லை என்று கண்டார்கள். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களை மண்டபம் கேம்பில் வரிசையில் நிறுத்திக் கைகளைக் கீறிவிட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. கைப்பழக்கம் முந்திக்கொண்டது, காரணம் மெதுவாகப் பின்னால் வந்தது.

சரி, சரியான கலத்தைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்தை அதற்கே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்ததா? ஸ்டெயின்மனும் மிஷேல் நுசென்ஸ்வைக்கும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். டென்ட்ரிட்டிக் கலத்தின் மேல் டெக்-205 என்றொரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வருவதைப் பிடிக்கும் புரதம், இருக்கிறது. அதைப் போய்ப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்றை எடுத்து, அதன் வாலில் கோழிமுட்டைப் புரதமொன்றின் துண்டைக் கட்டி எலிக்குள் அனுப்பினார்கள். குறி தப்பவில்லை, மிகச் சிறிய அளவே போதுமானதாக இருந்தது. டீ கலங்கள் முதலில் பெருகின. பிறகு பெரும்பாலானவை காணாமல் போயின, மிஞ்சியவை அந்தப் புரதத்தைக் கண்டும் காணாதமாதிரி இருந்தன. 2001இல் வந்த முடிவு இது. தடுப்பூசி போடப் போய், அதற்கு நேர்மாறாக உடம்பைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த வருடம் அதே கலம், அதே வழி, முட்டையின் இன்னொரு புரதம். கூடவே கலத்தை உசுப்பும் இன்னொரு சமிக்ஞையும் கொடுத்தார்கள். இந்த முறை பலமான எதிர்ப்பு வந்தது.

இதை நான் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை. டென்ட்ரிட்டிக் கலம் நாள் முழுக்க நம்முடைய சொந்தக் கலங்களின் துண்டுகளையும் சாப்பாட்டின் துண்டுகளையும்தான் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் காட்டி டீ கலங்களைக் கிளப்பிவிட்டால் உடம்பு தன்னையே தின்றுவிடும். ஆகவே கூடவே ஆபத்துக்கான அறிகுறி இல்லாதபோது அது, இதை விட்டுவிடு என்ற உத்தரவைத்தான் கொடுக்கும். பற்றீரியாச் சுவரின் கொழுப்போ வைரசின் ஆர்.என்.ஏ.யோ சேர்ந்து வந்தால்தான் உத்தரவு மாறும். அந்த அறிகுறிகளை உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்த ஜூல்ஸ் ஹொஃப்மனும் புரூஸ் பொய்ட்லரும் ஸ்டெயின்மனோடு சேர்ந்து 2011இன் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

அந்தப் பரிசுக்கு ஒரு சோகக் கதை உண்டு. ஒக்டோபர் 3ஆம் திகதி பெயரை அறிவித்தார்கள். ஸ்டெயின்மன் செப்டெம்பர் 30ஆம் திகதியே கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார், நோபல் குழுவுக்கு அது தெரியாது. இறந்தவருக்குப் பரிசு கொடுப்பதில்லை என்பது விதி. ஆனாலும் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்று சொல்லி அப்படியே விட்டார்கள். நோய் தெரிந்தபின் நான்கரை வருடம் அவர் தன் டென்ட்ரிட்டிக் கலங்களை வைத்தே தயாரித்த பரிசோதனைத் தடுப்பூசிகளைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவ்வளவு காலம் இருந்தார் என்று பலர் உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவருக்குக் கீமோவும் கொடுத்தார்கள், அவர் ஒரே ஒருவர். ஒருவரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று அவரே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கக்கூடியவர்.

ஆபத்து அறிகுறியை ஊசியில் சேர்க்கும் வழக்கம், காரணம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1926இல் இலண்டனில் அலெக்சாண்டர் கிளெனி தொண்டைக்கரப்பான் மருந்தோடு படிகாரத்தைச் சேர்த்தார், பலன் கூடியது. இன்றைக்கும் அலுமினிய உப்புகள் நிறைய ஊசிகளில் இருக்கின்றன. 1989இல் சார்ல்ஸ் ஜேன்வே என்பவர், புரதத்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசைவதில்லை, கூடக் கொஞ்சம் அழுக்கைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, இது நம் துறையின் வெளியே சொல்லாத ரகசியம் என்று போட்டு உடைத்தார். அலுமினியம் பிறபொருளெதிரியை நன்றாகக் கிளப்பும். தொற்றிய கலத்தைத் தேடிக் கொல்லும் டீ கலங்களைக் கிளப்புவதில் அது மந்தம். கொரோனாக் காலத்தில் தோட்டங்களில் நிறையப் பேருக்குக் கிடைத்த சினோஃபார்ம், கொன்ற வைரசையும் அலுமினியத்தையும் சேர்த்தது. பிறகு வந்த ஃபைசர் பூஸ்டர், வைரசுப் புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுக்கும் எம்.ஆர்.என்.ஏ. வகை. சினோஃபார்முக்கு ஒன்றும் செய்யாமல், ஃபைசருக்கு இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தவர்கள் பல பேர். இரண்டும் உடம்பை வேறு வேறு விதமாக உசுப்புகின்றன, அவ்வளவுதான். காய்ச்சல் வராதவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று லயத்துக்கு லயம் பரவிய கதையில் உண்மை இல்லை.

உசுப்பிவிட்டால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் உசுப்புகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரசுக்கு, போமலினில் கொன்ற வைரசை வைத்து ஓர் ஊசி செய்து பச்சைப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். மாரி வந்து நிஜ வைரசு பரவியபோது, ஒரு பரிசோதனையில் ஊசி போட்டுத் தொற்றிய பிள்ளைகளில் 80 சதவீதம் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. ஊசி போடாத பிள்ளைகளில் 5 சதவீதம்தான். இரண்டு பிள்ளைகள் இறந்தன. பிறபொருளெதிரி உருவாகித்தான் இருந்தது. அது வைரசில் ஒட்டியதே தவிர முடக்கவில்லை. டீ கலங்களும் ஒவ்வாமைப் பக்கமாகச் சாய்ந்து நுரையீரலைக் கெடுத்தன. ஆர்.எஸ்.வி.க்கு ஒழுங்கான ஊசி வர 2023 ஆகிவிட்டது.

டெங்கு நமக்குக் கிட்டிய உதாரணம். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது, 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நுவரெலியாக் குளிரில் நுளம்பு குறைவு என்று நாங்கள் கொஞ்சம் தெனாவட்டாக இருப்போம். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் காய்ச்சலோடு பஸ் ஏறி வருவார்கள். டெங்கு வைரசில் நான்கு வகை. ஒரு வகைக்கு உண்டான அரைகுறைப் பிறபொருளெதிரி, இன்னொரு வகை வரும்போது அதைக் கொல்லாமல் ஒட்டிக்கொண்டு, சில வெண்குருதிக் கலங்களின் வாசலில் கொண்டுபோய் விடும். வைரசுக்கு வேண்டிய வீடே அந்தக் கலங்கள்தான். இரண்டாம் தடவை டெங்கு மோசமாக வருவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பிலிப்பைன்சில் 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய முதல் டெங்கு ஊசி, முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்குப் பின்னால் கடுமையான நோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2017 நவம்பரில் தெரிந்து, திட்டமே நின்றது. குறி தவறினால் தடுப்பூசி வைரசுக்கு வழிகாட்டி ஆகிவிடும்.

இதையெல்லாம் பட்ட பிறகு வந்த பொறியியல்தான் இப்போதையது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், பின்னாளில் கொரோனா ஊசியால் பேர்பெற்ற பயோஎன்டெக் ஆட்கள், 2016இல் ஒரு வேலை செய்தார்கள். எம்.ஆர்.என்.ஏ.யைக் கொழுப்பில் பொதிந்து நாளத்தில் விட்டால் சாதாரணமாக நிறையப் பங்கு ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். அவர்கள் கொழுப்புக்கும் ஆர்.என்.ஏ.க்கும் உள்ள விகிதத்தை மாற்றித் துணிக்கையின் மின்னேற்றத்தை இலேசாக மறை (நெகட்டிவ்) பக்கம் தள்ளினார்கள். துணிக்கைகள் மண்ணீரலுக்குப் போய் அங்குள்ள டென்ட்ரிட்டிக் கலங்களில் இறங்கின. டெக்-205 மாதிரி ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் பாகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, மின்னேற்றம் போதும். வைரசு வந்துவிட்டது என்ற மாதிரி உடம்பு பதறி எழுந்தது. புற்றுநோய்க்கு எதிராக அதைத் திருப்பினார்கள்.

அதே குழு 2021இல் அதே மண்ணீரலுக்கு வேறு செய்தி அனுப்பியது. பல்தொகுதி வன்மையாதல் என்ற நோயில் உடம்பு தன் நரம்பின் உறையையே தாக்குகிறது. அந்த உறைப் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ.யை, ஆபத்து அறிகுறியைக் கிளப்பாதபடி இரசாயனத்தில் மாற்றியமைத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் கண்டுபிடித்து 2023இல் நோபல் பரிசு பெற்ற அந்த மாற்றத்தின் ஒரு வடிவம்தான் இங்கும் பயன்பட்டது. எலிகளில் அடக்கும் டீ கலங்கள் பெருகி நோய் தணிந்தது. ஒரே உறுப்பு, ஒரே வகைக் கலம். ஒரு தடவை எழுப்பினார்கள், மற்றத் தடவை தாலாட்டினார்கள். 2001இல் ஸ்டெயின்மன் குழுவுக்கு எதிர்பாராமல் வந்த முடிவு இருபது வருடத்தில் மருந்தாக மாறத் தொடங்கியிருக்கிறது.

தொடங்கியிருக்கிறது என்றுதான் எழுதுகிறேன். எலி மனிதன் அல்ல. டெக்-205 வழியாக மனிதருக்குப் போகும் புற்றுநோய் ஊசியொன்றின் முதற்கட்டப் பரிசோதனை 2014இல் வெளியானது, ஆபத்தில்லை என்று தெரிந்தது, அதற்கு மேல் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை. நோயாளியின் கலங்களை வெளியே எடுத்து, பழக்கி, திரும்ப ஏற்றும் ஒரு சிகிச்சைக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்னிற்குஞ் சுரப்பி (புரோஸ்டேட்) புற்றுநோய்க்கானது. சராசரியாக ஆயுள் நான்கு மாதம் கூடியது. விலை 93,000 டொலர். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் இறங்கினோம் என்று தெரிந்தவர்கள் இந்தத் தொகையை எப்படி வாசிப்பார்கள் என்று எழுதத் தேவையில்லை. இந்த ஆராய்ச்சி நம் பக்கம் வருமானால் புற்றுநோய் வழியாக முதலில் வராது. தட்டுப்பாட்டின் வழியாக, ஐந்தில் ஒரு பங்கு மருந்து என்ற மாதிரித்தான் வரும் என்பது என் எண்ணம்.

வந்தாலும் அது இறங்கப்போகும் உடம்பு எப்படி இருக்கிறது? 2016இன் சனத்தொகை சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், நாட்டுச் சராசரி 17.3. குடற்புழுவும் நோயெதிர்ப்பும் தனித்தனி விஷயங்கள் அல்ல. புழு தன் பிழைப்புக்காக உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்கும். எதியோப்பியாவில் குடற்புழு இருந்தவர்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்த பிறகு பி.சி.ஜி.க்கு டீ கலங்கள் காட்டிய பதில் கூடியது. 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புத் தொடங்கியவர்களும் ரொக்ஃபெல்லர் நிதியத்தார்தான், டென்ட்ரிட்டிக் கலத்தைக் கண்டுபிடித்த நிலையத்தைக் கட்டிய அதே பணம். மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டுவதில்தான் தோட்டங்கள் இழுத்தடித்தன. டென்ட்ரிட்டிக் கலத்தைக் குறிவைக்கும் ஊசியைப் பற்றிப் பேசும்போது பூச்சிக் குளிசையைப் பற்றிப் பேசுவது தரக்குறைவாகச் சிலருக்குத் தெரியலாம். இரண்டும் ஒரே கலத்தைப் பற்றிய பேச்சு.

நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பட்டையை. காம்பியாவில் சின்னமுத்துக்கும் ரூபெல்லாவுக்குமான மருந்தை, கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகளாக ஒரு சின்னப் பட்டையில் வார்த்து, பிள்ளையின் மணிக்கட்டில் சில நிமிடம் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது: ஒரே தடவையில் கைக்குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சின்னமுத்துக்கும் எல்லாருக்கும் ரூபெல்லாவுக்கும் காப்பு. முனைகள் கரைவது லங்கர்ஹான்ஸ் பார்த்த கலங்கள் இருக்கும் அதே தோலில். சின்னமுத்தை ஒழித்துவிட்டோம் என்று 2019இல் சான்றிதழ் வாங்கிய நம் நாட்டில் 2023இல் அது திரும்பவும் வந்தது. கிளினிக் நாளில் தாய் கொழும்பில் வீட்டு வேலையில், தகப்பன் மலையில், பாட்டிக்கு ஏற்றம் ஏற முடியாது என்றிருக்கும் பிள்ளைக்கு லயத்துக்கே போய் ஒட்டிவிட்டு வரலாம். மிட்வைஃப் அக்காவிடம் இதைச் சொன்னேன். பட்டை நல்லதுதான் தம்பி, ஆனால் தன் பக்கத்தில் நிரப்பாமல் கிடக்கும் இடங்களுக்கு ஆள் போட்டால்தானே ஒட்டுவதற்கும், ஒட்டியதைப் பிள்ளையின் புத்தகத்தில் எழுதுவதற்கும் கை இருக்கும் என்றார்.